டெட்லைன் தவறப் போகிறதா? சாஃப்ட்வேர் புராஜெக்ட் தாமதத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

சாஃப்ட்வேர் வேலையில் முதலில் சொன்ன டெலிவரி தேதி தவறுவது சகஜம். கிளையன்ட் கோபப்படுவார், எஸ்கலேஷன் மெயில் (மேலிடத்துக்குப் போகும் புகார்) வரும், டெலிவரி மேனேஜர் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவார். கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும். அடங்காதது இரண்டாவது தேதி. பதற்றத்தில் "அடுத்த வெள்ளிக்குள்ள கொடுத்துடறோம் சார்" என்று வாய்விட்டுவிட்டு, அந்த வெள்ளியும் கைநழுவிப் போனால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த இரண்டாவது தேதியைப் பற்றியது: எப்படிக் கணக்குப் போடுவது, எப்படிச் சொல்வது, எப்படிக் காப்பாற்றுவது.

சிறுசேரி சிப்காட்டில் அமெரிக்க வங்கிக்கு வேலை பார்ப்பவருக்கும், வடபழனியில் மாடி அறை ஒன்றில் ஆறு பேரை வைத்துக் கம்பெனி நடத்துபவருக்கும் இந்தத் தலைவலி ஒன்றுதான். விளக்க வசதியாக இரண்டாமவர் பக்கத்திலிருந்து ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்கிறீர்கள். ஜூலை 1 அன்று தருவதாகப் பேச்சு. இன்று ஜூன் 10. வேலை முடியும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லை.

படி 1: சந்தேகத்தை உறுதிப்படுத்துங்கள்

தேதி தவறுவது அந்தத் தேதியன்று நடப்பதில்லை. பல வாரங்களுக்கு முன்பே நடந்துவிடுகிறது. யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். ஒரே டிக்கெட் (பட்டியலில் பதிந்த ஒரு தனி வேலை) நாலு ஸ்டாண்டப்பில், அதாவது தினசரி குட்டி மீட்டிங்கில், அதே நிலையில் நிற்கிறது. டெஸ்ட் சர்வர் இன்னும் தயாராகவில்லை. யூஏடிக்கு (கிளையன்ட் தரப்பே ஓட்டிப் பார்த்து ஏற்கும் சோதனை) கடைப்பக்கம் யார் உட்காரப் போகிறார் என்று கேட்டால் பதில் இல்லை. வழக்கமாகப் பேசிக்கொண்டே இருக்கும் சீனியர் டெவலப்பர் திடீரென்று அமைதியாகிவிட்டார். இதில் இரண்டு இருந்தாலே கணக்குப் பார்க்க உட்காரலாம்.

"எப்ப முடியும்?" என்று டீமைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: "ரெண்டு நாள்." சதவீதமும் கேட்க வேண்டாம். செய்து காட்டச் சொல்லுங்கள்.

"ரிட்டர்ன் பில் எப்படிப் போகுது?"

"தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுது ப்ரோ. டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி."

"சரி, ஒரு அம்மா கவுன்ட்டருக்கு வந்து போன வாரம் வாங்கின புடவையைத் திருப்பித் தர்றாங்கன்னு வெச்சுக்கோ. அதை இப்ப ஸ்கிரீன்ல பண்ணிக் காட்டு."

"அது... பழைய பில்லுல டிஸ்கவுன்ட் இருந்தா இன்னும் வரல. ஜிபேல பணம் கட்டியிருந்தா திருப்பி அனுப்புறது பண்ணல. பிரின்ட்டும் பாக்கி."

பாக்கி இருந்தது டெஸ்டிங் அல்ல, மூன்று தனி வேலைகள். அவர் பொய் சொல்லவில்லை. தன் மனதில் கஷ்டமான பகுதி முடிந்துவிட்டதால் மீதி சின்னதாகத் தெரிகிறது. மூன்றையும் தனித்தனி டிக்கெட்டாக ஜிராவில் (வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் சாஃப்ட்வேர்) போடுங்கள். ஜிரா இல்லையென்றால் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரோடும் இப்படி அரை மணி நேரம் உட்கார்ந்தால் உண்மையான பாக்கிப் பட்டியல் கிடைத்துவிடும். அது முன்பிருந்ததைவிட நீளமாகத்தான் இருக்கும்.

படி 2: மனசைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேளுங்கள்

நேரத்தை மதிப்பிடுவதில் மனித மனம் எவ்வளவு மோசம் என்பதற்கு ஆராய்ச்சியே உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-லேயே இந்தக் கோளாறுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் தங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், ஆனது 55 நாள். தன் வேலையைத் தானே கணிக்கும்போது எல்லாம் சரியாகப் போகும் நாளையே மனம் கற்பனை செய்கிறது. காய்ச்சல், கரண்ட் கட், கிளையன்ட் மறுமொழி வராத வாரம் எதுவும் அதில் வருவதில்லை.

எனவே பழைய வேகத்தைப் பாருங்கள். நம் உதாரணத்தில் பாக்கி 27 டிக்கெட். கடந்த நாலு வாரத்தில் முடித்தவை 4, 6, 3, 5. மொத்தம் 18, வாரத்துக்குச் சராசரி 4.5. அப்படியானால் 27-ஐ முடிக்க 6 வாரம், அதாவது ஜூலை 22. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாவது புதிதாக முளைக்கிறது: "இதுல பார்கோடு சைஸ் மாத்தணும்", "ஜிஎஸ்டி நம்பர் கீழ வரணும்". அதைக் கழித்தால் நிகர வேகம் 3.5, கிட்டத்தட்ட 8 வாரம். ஆகஸ்ட் 5. எல்லா வாரமும் அந்த மோசமான மூன்றாவது வாரம் மாதிரி இருந்தால், புதிதாக ஒன்றும் சேராவிட்டாலும், 9 வாரம்.

டிக்கெட்டுகள் ஒரே அளவில் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இருபது முப்பது டிக்கெட் சேரும்போது பெரியதும் சிறியதும் ஓரளவு சமன் ஆகிவிடும். ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பெண்) வைத்து மூன்று மணி நேரம் விவாதிப்பதைவிட இந்தக் கணக்கு வேகமானது, என் அனுபவத்தில் மோசமும் அல்ல.

படி 3: எந்தத் தேதி நிஜமானது என்று பாருங்கள்

எல்லா டெட்லைனும் ஒரே ஜாதி இல்லை. ஜூலை 1 என்பது ஒப்பந்தப் பேச்சில் யாரோ சொன்ன ஒரு வட்டமான தேதி. கடைக்காரருக்கு நிஜத் தேதி ஆடி முதல் நாள், ஜூலை 17 வாக்கில். தள்ளுபடிக் கூட்டம் ரங்கநாதன் தெருவில் நிரம்பி வழியும்போது பில் போட முடியாவிட்டால் அவருக்கு நஷ்டம். ஜூலை 1-க்கும் 17-க்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது.

உள்ளே இறங்கினால் இன்னும் தேதிகள் கிடைக்கும். பில்லில் வரி சரியாக வருவது முதல் நாளே வேண்டும். ஆனால் மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைக்கு ஜூலை விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரத் தாக்கல்) ஆகஸ்ட் 11-க்குள்தான். அதற்கான ரிப்போர்ட் ஆடி பிறக்கும்போது தயாராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் அதன் சொந்தத் தேதியைக் கண்டுபிடித்தால், ஒரு பெரிய தாமதம் நாலு சின்ன டெலிவரியாக உடைந்துவிடும்.

வெளிநாட்டு கிளையன்ட் என்றால் இதே விஷயம் எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். அமெரிக்க சில்லறை வணிக நிறுவனங்கள் பல நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் புரொடக்‌ஷனைப் பூட்டிவிடும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் யாரையும் கைவைக்க விடாது. புது வருடம் பிறந்த பிறகுதான் திறக்கும். நவம்பர் நடுவில் தர வேண்டியதை நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் அங்கே அது ஒரு வாரத் தாமதம் அல்ல, ஏறக்குறைய இரண்டு மாதம். நம் பக்கம் அதே மாதங்களில்தான் தீபாவளி லீவும் வடகிழக்குப் பருவமழையும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நின்றபோது எந்த புராஜெக்ட் பிளானும் தாக்குப்பிடிக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கோ-லைவ் (சாஃப்ட்வேரை நிஜப் பயன்பாட்டுக்கு விடுவது) வைக்கும் சென்னை டீம் அந்த வாரத்துக்கு மாற்று ஏற்பாடு வைக்காமல் இருப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

படி 4: வெட்டுங்கள், ஆனால் சரியான இடத்தில்

இப்போது ஜூலை 17-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடை ஆட்கள் பழகிப் பார்க்க ஒரு வாரம், கடைசியில் இரண்டு நாள் கையிருப்பு. ஜூலை 8-க்குள் கைக்கு வர வேண்டும். அதாவது 4 வாரம். மோசமான வேகத்தில், வாரத்துக்கு 3 என்று போட்டால் 12 டிக்கெட். சராசரி வேகத்தில் 18. ஆகவே 27-ஐ மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம் வேண்டிய 12, முடிந்தால் தரும் 6, பிறகு வரும் 9. வாக்குக் கொடுப்பது அந்த 12-க்கு மட்டும். 18-க்குக் கொடுத்தால் சராசரிக்குக் கீழே போகும் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த 12 என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். உரிமையாளர் முடிவு செய்யட்டும். அவரிடம் கேட்க ஒரே கேள்வி: "ஆடி முதல் நாள் காலைல கடை திறக்கும்போது இது இல்லன்னா பில் போட முடியாதா?" பதில்கள் ஆச்சரியமாக இருக்கும். நம் ரிட்டர்ன் பில்லையே பாருங்கள். தள்ளுபடியில் வாங்கிய துணி திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது என்று பல கடைகளில் போர்டே மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கடையும் அப்படியென்றால், டிஸ்கவுன்ட் பில்லைத் திருப்பும் வேலை ஆடி முடியும்வரை யாருக்கும் தேவையில்லை. உரிமையாளரின் மொபைல் ஆப், கஸ்டமர் பாயின்ட் திட்டம் எல்லாம் தீபாவளிக்கு முன் வந்தால் போதும் என்று அவரே சொல்லக்கூடும்.

வெட்டக்கூடாதவையும் உண்டு. டெஸ்டிங், பேக்கப், பழைய ஸ்டாக் டேட்டாவைச் சரிபார்ப்பது. தாமதமான புராஜெக்ட்டில் முதலில் கத்தி விழுவது இவற்றின் மீதுதான், ஏனென்றால் டெமோவில் இவை தெரியாது. ஒரு கவுன்ட்டரில் பழைய சாஃப்ட்வேரை இரண்டு வாரம் ஓட விட்டு வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் புதியது மக்கர் பண்ணினால் அந்தக் கவுன்ட்டர்தான் உங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

படி 5: சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள்

சந்தேகம் வந்த நாளிலிருந்து கிளையன்ட்டிடம் சொல்ல இரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் எண்ணுவதற்கு, இரண்டாம் நாள் உங்கள் மேலாளரிடமும் சேல்ஸ் ஆளிடமும் பேசுவதற்கு. சேல்ஸ் ஆளை விட்டுவிடக்கூடாது. விட்டால் அவர் அதே வாரம் கடைக்குப் போய் "எல்லாம் ஆன் டிராக் சார்" என்று சொல்லிவிட்டு வருவார்.

முதலில் போன், பிறகு மெயில். பேச வேண்டியது வாக்குக் கொடுத்த ஆளே. ஜூனியரை முன்னால் தள்ளுவது அசிங்கம். ஏறத்தாழ இப்படிப் பேசலாம்:

"சார், பத்து நிமிஷம் பேசலாமா? நல்ல செய்தி இல்ல, அதனாலதான் இன்னிக்கே கூப்பிட்டேன். ஜூலை ஒண்ணாந்தேதி முழு சாஃப்ட்வேர் தர முடியாது. பாக்கி வேலையை எண்ணிப் பாத்தோம், எல்லாத்தையும் முடிக்க ஆகஸ்ட் ஆயிடும். ஆனா ஆடிக்கு பில் போடத் தேவையானதை ஜூலை எட்டாம் தேதி உங்க கவுன்ட்டர்ல வெச்சுடலாம். எது முதல்ல வேணும்னு நீங்கதான் சொல்லணும். நாளைக்குக் கடைக்கு வரட்டுமா?"

"என்ன தம்பி, போன வாரம்கூட எல்லாம் நல்லாப் போகுதுன்னீங்களே?"

"ஆமா சார், சொன்னோம். அப்ப எண்ணிப் பாக்காம சொல்லிட்டோம். இப்ப லிஸ்ட்டோட வர்றேன்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது முக்கியம். அவர் திட்டட்டும். "நீங்க பார்கோடு டேட்டா ரெண்டு வாரம் லேட்டா தந்தீங்க சார்" என்று இப்போது ஆரம்பித்தால், அது உண்மையாகவே இருந்தாலும், பேச்சு முழுக்க யார் தப்பு என்று திரும்பிவிடும். அது ஆவணத்தில் இருக்க வேண்டும், முதல் போனில் அல்ல.

மெயிலில் ஐந்து விஷயம் போதும்: எது வராது, எது எந்தத் தேதியில் வரும், அந்தத் தேதி எந்தக் கணக்கில் வந்தது, அவர் தரப்பில் எது எப்போது வேண்டும், அடுத்த நிலவரம் எந்த நாள் அனுப்புவீர்கள். "எதிர்பாராத காரணங்களால்" என்ற சொற்றொடரை அழித்துவிடுங்கள். படிப்பவருக்கு அது எதையோ மறைப்பது போலத்தான் படும்.

நியூயார்க் கிளையன்ட் என்றால் கோடை காலத்தில் நமக்கு மாலை 6.30 அவர்களுக்குக் காலை 9; குளிர்காலத்தில் 7.30. அவர்கள் நாள் மீட்டிங்குகளால் நிறைவதற்கு முன் அந்த முதல் அரை மணியைப் பிடியுங்கள். ஆன்சைட் கோஆர்டினேட்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். பக்கத்து இருக்கையில் கிளையன்ட் திரும்பி முறைக்கும்போது விஷயமே தெரியாமல் விழிப்பவர் பாவம் அவர்தான்.

படி 6: ஆள் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள்

எஸ்கலேஷன் போன அன்றே மேலிடத்திலிருந்து வரும் முதல் உதவி இது: "பெஞ்சில் புராஜெக்ட் இல்லாம மூணு பேர் இருக்காங்க, எடுத்துக்கோங்க." ஐபிஎம்மில் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. காரணம் எளிது. புதிதாக வந்தவருக்கு கேடி கொடுப்பது, அதாவது வேலையைச் சொல்லிக்கொடுப்பது, உங்கள் மிகச் சிறந்த டெவலப்பர். அவர் நாள் அதிலேயே போகிறது. பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளும் பெருகுகின்றன: 5 பேருக்கு 10 ஜோடி, 8 பேருக்கு 28.

ஆனாலும் "ஆளே வேண்டாம்" என்பது என் கட்சி அல்ல. புரோகிராம் கோடில் கை வைக்காத வேலைக்கு ஆள் எடுங்கள்: டெஸ்ட் கேஸ் ஓட்ட, பழைய ஸ்டாக் பட்டியலைச் சரிபார்க்க, கடையில் உட்கார்ந்து பணியாளர்களுக்குப் பழக்க. இதே பில்லிங் மாட்யூலில் முன்பு வேலை செய்து வேறு புராஜெக்ட்டுக்குப் போனவர் கிடைத்தால் கெஞ்சியாவது இரண்டு வாரம் வாங்குங்கள்.

படி 7: ராத்திரி வேலை

ஒரு வாரம், அதிகபட்சம் இரண்டு வாரம், முடிவுத் தேதி சொல்லி. அதற்கு மேல் நீண்டால் இரவு பதினொரு மணிக்கு எழுதிய கோடின் பிழைகளை மறுநாள் பகலில் திருத்திக்கொண்டிருப்பீர்கள். பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் வருபவருக்கு போக வரவே தினம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அந்த வாரங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுவது பிரியாணி வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. இரவு தங்கினால் கேப், குறிப்பாகப் பெண்களுக்கு, கேட்காமலே ஏற்பாடாகியிருக்க வேண்டும். காம்ப்-ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடாகத் தரும் லீவு) தேதியை இப்போதே காலண்டரில் போட்டுவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற காம்ப்-ஆஃப் காலாவதியாவதுதான் வழக்கம்.

படி 8: இரண்டாவது தேதியைக் காவல் காக்கவும்

புதுத் தேதி சொன்ன மறுநாள் முதல் புதிய கோரிக்கை எதுவும் அந்த 12-க்குள் நுழையக்கூடாது. கடைக்காரர் கேட்டால் மறுக்க வேண்டாம், "தாராளமா பண்ணலாம் சார், பதிலுக்கு இதுல எதை வெளிய எடுக்கலாம்?" என்று பட்டியலை நீட்டுங்கள். பாதி கோரிக்கைகள் அங்கேயே கரைந்துவிடும்.

ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சின்ன நிலவரம் அனுப்புங்கள்: 12-ல் முடிந்தவை இத்தனை, பாக்கி இத்தனை. பச்சை, மஞ்சள், சிவப்பு வேண்டாம். கடைசி வாரம்வரை பச்சையாக இருந்து திடீரென்று சிவப்பாகும் ரிப்போர்ட்டுகள் எல்லார் இன்பாக்ஸிலும் கிடக்கின்றன. எண்ணிக்கை ஏமாற்றாது. இரண்டாவது வெள்ளியன்று 6 முடிந்திருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தால், அன்றே பேசி இன்னும் இரண்டைத் தள்ளுங்கள், தேதியைத் தள்ளாதீர்கள்.

படி 9: காகிதமும் காசும்

இதைக் கடைசியில் வைத்தாலும் ஒப்பந்தத்தைப் படிப்பது முதல் நாளே நடக்க வேண்டும். உள்ளூர் கிளையன்ட் என்றால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொருந்தும். அதன் 55-ஆம் பிரிவுப்படி, காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இரு தரப்பும் கருதியிருந்தால், தேதி தவறும்போது மற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படி ரத்து செய்யாமல் தாமதமான டெலிவரியை ஏற்றுக்கொண்டால், இழப்பீடு கேட்பேன் என்று ஏற்கும்போதே தெரிவித்திருந்தால்தான் பின்னால் கேட்க முடியும். தாமதத்துக்கு அபராதத் தொகை எழுதியிருந்தால், 74-ஆம் பிரிவு அந்தத் தொகையை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. பெரிய தொகை என்றால் வக்கீலைப் பாருங்கள். சின்னது என்றால், புதுத் தேதிகளுக்கு கிளையன்ட் "ஓகே" என்று ஒரு மெயில் அனுப்பியிருப்பதை உறுதி செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரலை மட்டும் நம்ப வேண்டாம். பார்கோடு டேட்டா எந்தத் தேதியில் வந்தது என்ற விவரமும் குற்றச்சாட்டாக இல்லாமல் வெறும் தேதிப் பட்டியலாக அதே மெயில் தொடரில் இருக்கட்டும்.

தாமதக் காரணங்களை டீமோடு அலசுவதை கோ-லைவ் ஆன அடுத்த வாரமே செய்துவிடுங்கள். பெரிய கம்பெனிகளில் ஆர்சிஏ (மூல காரண ஆய்வு) என்று ஒரு படிவத்தை நிரப்பி மூடிவிடுவார்கள். அதைவிட உபயோகமானது ஒரு எளிய அட்டவணை, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் சொன்னோம், எத்தனை ஆனது என்று. அடுத்த கிளையன்ட்டுக்குத் தேதி சொல்லும்போது அதைத்தான் திறக்க வேண்டும்.

டெலிவரியைப் பிரித்தது போலவே பில்லையும் பிரியுங்கள். சின்னக் கம்பெனிகள் இங்கேதான் அடிபடுகின்றன: "முழுசா முடியட்டும் தம்பி, மொத்தமா தர்றேன்." 12 டிக்கெட் கவுன்ட்டரில் ஓடத் தொடங்கியதும் ஒரு பங்கு, ஜிஎஸ்டி ரிப்போர்ட்டுக்கு ஒரு பங்கு, மீதிக்கு ஒரு பங்கு என்று புதுத் தேதி பேசும்போதே எழுதி வாங்குங்கள். ஆகஸ்ட்டில் அந்த ரிப்போர்ட்டை ஒப்படைக்கும் நாளிலேயே இரண்டாவது பில்லையும் கையோடு கொடுத்துவிடுங்கள். தீபாவளிக் கொள்முதல் ஆரம்பித்துவிட்டால் கடை அக்கவுன்ட்ஸ் ஆளைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.